இராயபுரத்து அடுப்பில் பாபா



வடசென்னையில் பொழுது புலர்வதை அறிவிக்கக் கோழி கூவ வேண்டியதில்லை; இராயபுரத்து ரொட்டி அடுப்புகளிலிருந்து எழும் மணமே போதும். காசிமேட்டுத் துறையில் மீனிறக்கிக் கரையேறியவரும், திருவொற்றியூர் ஆலைகளில் இரவு முறை முடித்து வீடு திரும்புவோரும், எண்ணூர்ப் பக்கம் காலை முறைக்குப் புறப்படுவோரும் ஒரே தேநீர்க்கடையின் முன்னே நிற்கின்றனர். ஒரே வகைப் பன்னைப் பிய்த்துத் தேநீரில் நனைத்து உண்கின்றனர். உலர்ந்ததை இனிய நீரில் நனைத்து உண்ணுகின்ற இந்தச் செயலைச் சற்றே கவனித்துப் பாருங்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பலகாரம் முழுவதும் இந்த ஒரு செயலுக்குள் அடங்கியிருக்கிறது.

அப்பலகாரத்தின் பெயர் பாபா. பிரெஞ்சு நாட்டார் அதனை மிக விரும்பி உண்பர். கேக் என்று அதனைச் சொன்னாலும், நாம் கிறிஸ்துமஸ் காலத்தில் காணும் கேக்கின் இனத்தைச் சேர்ந்ததன்று. அந்தக் கேக் பேக்கிங் பவுடராலும் அடித்த முட்டையாலும் உப்புவது. பாபாவோ ரொட்டியைப் போலவே ஈஸ்ட் என்னும் உயிரினால் உப்புவது. மாவு, முட்டை, வெண்ணெய், சிறிது சர்க்கரை, ஈஸ்ட் ஆகியவற்றைப் பிசைந்து, பொங்கவிட்டு, அச்சில் சுட்டெடுத்து, ஒரு நாள் உலரவைத்துப் பின்னர் மணமூட்டிய சர்க்கரைப் பாகில் மூழ்கவிடுவார்கள். ரொட்டிக்கும் நம் ஜாங்கிரிக்கும் இடையே ஓர் உறவு ஏற்பட்டுப் பிள்ளை பிறந்தால் அதற்கு இந்த முகச்சாயல்தான் இருக்கும்.

இதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. போலந்து நாட்டின் அரசர் ஸ்தனிஸ்லாஸ் லெஸ்சின்ஸ்கி என்பவர் அரியணையை இழந்தவர். ஒரு முறையன்று, இரண்டு முறை இழந்தவர். அவருடைய மகள் மேரி 1725-இல் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியை மணந்தார். மாமனாருக்குப் பிழைப்பு வேண்டுமே! பிரான்சின் கிழக்கெல்லையிலிருந்த லொரேன் நாட்டை 1737-இல் அவருக்கு ஆளக் கொடுத்தார்கள். லூனேவில் நகரத்து அரண்மனையில் அவர் விருந்தும் நூல்களுமாகக் காலம் கழித்தார். அப்பகுதியில் கூகல்ஹோப் என்றொரு ஈஸ்ட் கேக் உண்டு; வரிவரியாக மடிப்பு வைத்த உயர்ந்த அச்சில் சுடுவது. ஒரு நாள் அது மிகவும் உலர்ந்து போயிற்றாம். பல்லில்லாத அரசர் அதன்மேல் இனிய மதுவை ஊற்றச் சொன்னாராம். ஆயிரத்தோரிரவுக் கதைகளில் அவருக்கு ஈடுபாடு மிகுதி. ஆகவே அலி பாபாவின் பெயரைப் பலகாரத்துக்கு இட்டார் என்பர். இது விருந்தினருக்குச் சொல்லத் தகுந்த கதை. மொழியறிந்தோர் கூறும் காரணம் வேறு: போலந்து மொழியில் பாபா என்றால் பாட்டி. பாட்டியின் கொசுவம் வைத்த பாவாடையைப் போல அச்சின் மடிப்புகள் விரிந்திருப்பதால் அப்பெயர் வந்தது என்று அவர்கள் சொல்வர். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. பலகாரங்களுக்குப் பெயர் வைப்பதில் அரசர்களைவிடப் பாட்டிகளுக்கே உரிமை அதிகம்.

நிக்கோலா ஸ்தோரர் என்னும் பலகாரக் கைவினைஞர் அரசி மேரியுடன் பிரெஞ்சு அரண்மனைக்குச் சென்றவர். அவர் 1730-இல் பாரிஸ் நகரத்தில் மோந்தொர்கேய் தெருவில் கடை திறந்தார். அக்கடை இன்றும் இருக்கிறது, பாபாவும் விற்கிறது. ரம் என்னும் கரும்பு மதுவைப் பாகில் சேர்க்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. அதே நூற்றாண்டில் பாரிஸ் கைவினைஞர்கள் இம்மாவை வளையமான அச்சில் சுட்டு, சுவை பற்றிப் புகழ்பெற்ற நூலொன்றை 1825-இல் வெளியிட்ட பிரியா-சவாரேன் நினைவாக சவாரேன் என்று பெயரிட்டனர். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்தார் பாபாவைத் தம்முடையதாகவே ஆக்கிக்கொண்டு, காளான் வடிவில் சுட்டுத் தெருவோரத்தில் கையில் பிடித்தபடியே தின்கின்றனர். நேப்பிள்ஸும் ஒரு துறைமுகம் என்பதை நினைவில் வையுங்கள்.

நம் கடற்கரைக்கு அண்மையிலும் இப்பலகாரத்தின் உறவினர் ஒருவர் உண்டு. இலங்கையின் கரையோரப் பகுதிகளை 1658 முதல் 1796 வரை டச்சுக்காரர் ஆண்டனர். அவர்கள் வழிவந்த பர்கர் இனத்தார் கிறிஸ்துமஸ் காலையில் புரூடர் என்னும் ஈஸ்ட் கேக்கை உண்பர். ரொட்டி மாவிலேயே வெண்ணெய், முட்டை, சர்க்கரை, உலர்ந்த திராட்சை முதலியவற்றைக் கலந்து, மடிப்பு வைத்த பித்தளை அச்சில் சுடுவது அது. லூனேவில் அரண்மனையிலிருந்த அச்சுக்கும் இதற்கும் வடிவில் வேற்றுமை அதிகமில்லை. கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் இப்பெயருடைய ரொட்டி இன்றளவும் சுடப்படுகிறது. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டி வாழ்ந்ததும் நீங்கள் வரலாற்றில் படித்ததுதான். ஆனால் பழவேற்காட்டில் இன்று அவர்களுடைய கல்லறைகளைக் காணலாமேயன்றி, அவர்களுடைய கேக்கைக் காண முடியாது.

சென்னையில் ஐரோப்பியப் பலகாரக் கலை எவ்வாறு வந்தது? ஒரு வழி மவுண்ட் ரோடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாக்கோமோ தாஞ்சலிஸ் என்பவர் அங்கே பிரெஞ்சு முறைப் பலகாரக்கடை நடத்தினார். பின்னர் அது பெரிய ஓட்டலாக வளர்ந்தது. இந்த மனிதரே 1910-இல் சென்னையில் விமானம் ஒன்றைச் செய்வித்துப் பறந்தும் காட்டினார். பலகாரக்காரர் வானில் பறந்த ஊர் நம்முடையது!

மற்றொரு வழி இராயபுரம். இராயப்பர் என்பது இயேசுவின் சீடரான பேதுருவுக்குத் தமிழ்க் கிறிஸ்தவர் வழங்கிய பெயர். கடலோடிகளும் படகோட்டிகளும் கொண்டாடிய அவருடைய ஆலயத்தாலேயே அப்பகுதிக்குப் பெயர் வந்தது என்பர். தென்னிந்தியாவின் முதல் இருப்புப்பாதை 1856-ஆம் ஆண்டு இராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பட்டபோது, அதனோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் இப்பக்கம் குடியேறின. இஞ்சின் ஓட்டியவர்களும் தொழிற்கூடங்களில் வேலை செய்தவர்களும் அவர்கள். அவ்வீடுகளுக்கு நாள்தோறும் ரொட்டி வேண்டும். மார்கழியில் கேக் வேண்டும். வீட்டில் அடுப்புப் பெரிதாக இல்லாதவர்கள் கேக் மாவைக் கலந்து தட்டில் ஊற்றி, ரொட்டிக்கடைக்குக் கொண்டுபோய்ச் சுட்டுத் தரச் சொல்வது வழக்கம். ரொட்டி சுட்டு முடிந்த அடுப்பில் எஞ்சியிருக்கும் வெப்பம் கேக்கிற்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். இந்த எஞ்சிய வெப்பத்தைப் பற்றிப் பின்னர் இன்னும் சொல்லப் போகிறேன்.

இப்போது ஈஸ்டுக்கு வருவோம். மாவு எதனால் பொங்குகிறது என்னும் கேள்விக்கு நம் நாட்டார் நெடுங்காலம் கொடுத்த விடை கள். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறக்கிய பதநீர், சுண்ணாம்பு தடவாத கலயத்தில் சில மணி நேரத்திலேயே நுரைக்கத் தொடங்கும். காற்றிலும் கலயத்திலும் வாழும் ஈஸ்டுகளும் பாக்டீரியங்களும் அதில் பெருகுவதே காரணம். அந்தக் கள்ளைச் சிறிது மாவில் ஊற்றினால் மாவு பொங்கும். ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றுவது எல்லாரும் அறிந்ததே. கோவாவிலும் இலங்கையிலும் சென்னையிலும் ரொட்டி சுட்டவர்களும் அதையே நம்பினர். ஆனால் கள் ஒரு நாளைப்போல் மறுநாள் இராது. ஈஸ்டோடு சேர்ந்து புளிப்பை உண்டாக்கும் பாக்டீரியங்களும் அதில் இருப்பதால், நேரம் கடந்த கள்ளில் சுட்ட ரொட்டி புளித்துவிடும். 1878-இல் சென்னையில் வெளிவந்த சமையல் நூலொன்றில், வைவர்ன் என்னும் புனைபெயரில் எழுதிய கர்னல் கென்னி-ஹெர்பர்ட், சென்னை ஆங்கிலேயர் வீடுகளுக்கு ரொட்டி சுடும் முறைகளை விரிவாக எடுத்துரைத்தார். ரொட்டி என்பது அக்கால இல்லத்தலைவிகளுக்கு எவ்வளவு பெரிய கவலையாக இருந்தது என்பது அதனால் விளங்கும்.

1948-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. மதுவிலக்கைப் பற்றி அரசியல் மேடைகளில் பேசியவர் பலர். அதனால் ரொட்டிக்காரனுடைய மாவு என்னவாயிற்று என்று கேட்டவர் சிலரே. நான் கல்லூரியில் பயின்ற காலத்தில், இராயபுரத்தில் ஒரு முதிய ரொட்டிக்காரர் இதைப்பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கள் நின்றுபோன நாட்களில் அவர் கடையில் ஒவ்வோர் இரவும் பிசைந்த மாவில் ஓர் உருண்டையை எடுத்து, மண்பானையில் நீரோடு வைத்து மூடுவார்களாம். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கும் சிட்டிகைச் சர்க்கரையும் அதற்கு உணவு. மறுநாள் புது மாவைப் பொங்க வைப்பது அந்தப் பழைய உருண்டையே. “அந்தப் பானையை நாங்க ஒரு பிள்ளை மாதிரி வளர்த்தோம், தம்பி. கடைக்கு லீவு விட்டாலும் பானைக்கு லீவு கிடையாது” என்றார் அவர். அப்பானை ஒரு நாள் கெட்டால் மறுநாள் ரொட்டி இல்லை. ரொட்டி இல்லையேல் கூலி இல்லை. பின்னர் ஆலையில் செய்த கட்டி ஈஸ்ட் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும் பானை ஓய்வு பெற்றது.

அந்தப் பானைக்குள் என்ன நடந்தது? நீண்டகாலம் இதனை ஒரு வேதியியல் சிதைவு என்றே அறிஞர் கருதினர். 1850-களிலும் 1860-களிலும் லூயி பாஸ்டர் செய்த ஆராய்ச்சிகள், நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்பதை நிலைநாட்டின. 1897-இல் எதுவார்டு புக்னர் என்னும் ஜெர்மானியர் ஈஸ்டை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிரணுவே இல்லாத சாற்றைக் கொண்டு சர்க்கரையை நொதிக்கச் செய்தார். உயிரணுவுக்குள் இருக்கும் நொதிகளே அவ்வேலையைச் செய்கின்றன என்று தெரிந்தது. அவருக்கு 1907-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே பாஸ்டர் சொன்னதும் உண்மை. அவரை மறுத்தவர்கள் சொன்னதிலும் ஒரு பாதி உண்மை.

கணக்கில் விருப்பமுள்ளவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். 180 கிராம் குளுக்கோஸை ஈஸ்ட் முழுவதும் நொதிக்கச் செய்தால் ஏறத்தாழ 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் கிடைக்கும். 88 கிராம் வாயு நம் ஊர் வெப்பத்தில் சுமார் 50 லிட்டர் இடத்தை அடைக்கும். அப்படியானால் 5 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு தேக்கரண்டி, ஒரு லிட்டருக்கும் மேற்பட்ட வாயுவைத் தரவல்லது. கால் கிலோ மாவைப் பொங்க வைக்க அது தாராளம். அவ்வளவு வாயுவையும் மாவு பிடித்து வைத்துக்கொள்வதில்லை. பெரும்பகுதி தப்பி ஓடுகிறது. பிடித்து வைக்கும் வலை எது என்பதையே இனிக் காண வேண்டும்.

மைதா மாவில் நீர் பட்டதும் அதிலுள்ள இருவகைப் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள பொருளாகின்றன. ஒரு பிடி மைதாவைப் பிசைந்து குழாய்நீரில் கழுவிக்கொண்டே இருங்கள்; மாச்சத்து வெண்ணீராக ஓடிப்போக, மெல்லும் கோந்தைப் போன்ற ஒன்று கையில் எஞ்சும். அதுவே வலை. அரிசி மாவில் இந்த வலை இல்லை. ஆதலால்தான் இட்லி உயரமான ரொட்டியாக எழுவதில்லை, ஆவியின் துணையோடு குழியளவே எழுகிறது. பாபா மாவில் இந்த வலை மிகவும் உறுதியாக இருத்தல் வேண்டும். ஏனெனில் பின்னர் அது தன் எடையளவு பாகைத் தாங்கியும் குழையாமல் நிற்க வேண்டியிருக்கிறது.

அதற்கு ஓர் ஒழுங்குமுறை உண்டு. 250 கிராம் மைதா, 4 முட்டை, 50 மில்லி பால், 20 கிராம் சர்க்கரை, 5 கிராம் உப்பு, 5 கிராம் உலர்ந்த ஈஸ்ட், 100 கிராம் வெண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். வெண்ணெய் நீங்கலாக மற்ற யாவற்றையும் முதலில் பிசைய வேண்டும். மாவு தளர்வாகவே இருக்கும்; சப்பாத்தி மாவைப்போல் திரளாது. கையால் அள்ளி, தூக்கி, பாத்திரத்தில் அறைந்து அறைந்து கால் மணி நேரம் அடிக்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருந்த மாவு மெல்ல மெல்லப் பாத்திரத்தை விட்டுப் பிரிந்து, இழுத்தால் நாடாவைப் போல நீளும். அந்நிலை வந்தபிறகே மென்மையான வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். முதலிலேயே வெண்ணெயைப் போட்டால் கொழுப்பு புரதத்தைப் போர்த்திக்கொண்டு வலை பின்னவிடாது. சர்க்கரையும் குறைவாகவே இருத்தல் நலம். மாவின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், சர்க்கரை ஈஸ்டிடமிருந்து நீரை வெளியே இழுத்து அதனைத் தளரச் செய்யும். இனிப்பு எப்படியும் பாகிலிருந்து வரப்போகிறது, அவசரம் வேண்டியதில்லை.

பிரெஞ்சுக்காரன் எழுதிய முறையை அப்படியே பின்பற்றினால் நம் ஊரில் சங்கடம் உண்டாகும். அவன் மாவை “வெதுவெதுப்பான இடத்தில்” வை என்கிறான். சித்திரை வைகாசியில் திருவொற்றியூரில் வெதுவெதுப்பில்லாத இடத்தை எங்கே தேடுவது? மாவு 27 பாகை செல்சியஸ் அளவில் இருந்தால் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும். சுவையும் நன்றாக அமையும். 35 பாகைக்கு மேற்போனால் மாவு விரைந்து பொங்கி, வலை கிழிந்து, புளிப்பு நெடி அடிக்கும். வெண்ணெயும் உருகி வழியும். இதற்கு ரொட்டித் தொழிலில் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். வேண்டிய வெப்பநிலையை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறையின் வெப்பம், மாவின் வெப்பம், பிசைவதால் ஏறும் வெப்பம் மூன்றையும் கழித்தால், ஊற்ற வேண்டிய நீரின் வெப்பநிலை கிடைக்கும். 27-ஐ மூன்றால் பெருக்க 81. அறை 33, மாவு 31, பிசைவதால் 5, கூட்ட 69. மிச்சம் 12. அதாவது குழாய்நீர் உதவாது. பனிக்கட்டி போட்ட நீரே வேண்டும். பாபா மாவில் தனியாக நீர் இல்லை. எனவே முட்டையையும் பாலையும் குளிர்ப்பெட்டியிலிருந்து நேரே எடுத்து ஊற்ற வேண்டும். முன் சொன்ன முதியவர் எண்களைக் கூட்டிக் கழிக்கவில்லை. புறங்கையை மாவில் வைத்துப் பார்த்து, “இதுக்கும் வேர்க்குது, தம்பி” என்பார். பிறகு நீர்ப்பாத்திரத்தில் ஒரு பனிக்கட்டியைப் போடுவார். இரண்டும் ஒரே விடையைத்தான் தந்தன.

பொங்கிய மாவைத் தட்டி வாயுவை வெளியேற்றி, வெண்ணெய் தடவிய அச்சில் பாதியளவு நிரப்பி, விளிம்பு வரை எழும்பியதும் அடுப்பில் வைக்க வேண்டும். விறகு எரிக்கும் செங்கல் அடுப்புக்கு ஒரு நாள் வாழ்க்கை உண்டு. தீயை எரித்துத் தணலை ஒதுக்கியதும் அடுப்பு மிகக் கடுமையாகச் சுடும். அப்போது ரொட்டி உள்ளே போகும். சற்றுத் தணிந்ததும் பன். அதன்பின் கேக். அதற்கும் பின் பிஸ்கட். வெப்பம் மிகவும் இறங்கியபின் விடியும் வரை பொறை என்று நாம் சொல்லும் இருமுறை சுட்ட ரொட்டி உள்ளேயே கிடந்து உலரும். ஒரு முறை எரித்த விறகில் ஐந்து பண்டம்! யாழ்ப்பாணத்தார் போறணை என்று வழங்கும் அடுப்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. பாபாவுக்குப் பன் வெளியே வந்த நேரமே உரியது, அதாவது 190 முதல் 200 பாகை வரை. சிறிய அச்சுக்கு இருபது நிமிடம் போதும். உள்ளே 60 பாகையை எட்டுமுன் ஈஸ்ட் மடிந்துவிடும். அதற்குள் அது செய்து வைத்த வாயு விரிந்து மாவைக் கடைசியாக ஒரு முறை உயர்த்தும்; முட்டையும் மாச்சத்தும் குளூட்டனும் இறுகி அந்த உயரத்தை நிலைநிறுத்தும்.

சுட்ட பாபாவை உடனே பாகில் போடலாகாது. சூடான ரொட்டியின் உட்பகுதி மென்மையாக, களியைப் போலிருக்கும், நனைத்தால் குழைந்துபோகும். ஒரு நாள் கழிந்தால் மாச்சத்து மீண்டும் இறுகி, உட்பகுதி கடற்பஞ்சைப் போல உறுதியடையும். பாரிஸில் மேசைமேல் வைத்தாலே உலர்ந்துவிடுகிறது. இராயபுரத்திலோ கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வந்து, உலர்ந்ததையும் பதப்படுத்திவிடும். ஆதலால் சென்ற மார்கழியில் ஒரு ரொட்டிக்கடையின் இசைவோடு நான் இதைச் செய்தபோது, சுட்ட பாபாக்களைப் பொறைத் தட்டுகளுக்கிடையே வைத்து, இறங்கிய அடுப்பிலேயே இரவைக் கழிக்கவிட்டோம். காலையில் விரலால் தட்டினால் ஒலி கேட்கும் அளவுக்கு உலர்ந்திருந்தன.

பாகு நீர்த்ததாக இருத்தல் வேண்டும். அரை லிட்டர் நீருக்குக் கால் கிலோ சர்க்கரை. கொதித்துக் கரைந்ததும் இறக்கிவிடலாம். கம்பிப் பதம் வருமளவு காய்ச்சினால் பாகு தடித்து, மேற்புறத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவே உலர்ந்த மாவுதான் இருக்கும். சுமார் 60 பாகை சூட்டில் பாகு இருக்க, ஆறிய பாபாவைத் தலைகீழாக இட்டுத் திருப்ப வேண்டும். குமிழிகள் எழும். உள்ளேயிருந்த காற்று வெளியேறிப் பாகு உட்புகுவதன் அடையாளம் அது. குமிழி நின்றதும் துளையுள்ள கரண்டியால் எடுத்து வடிய வைக்கலாம்.

நீர்த்த பாகுக்கு ஒரு விலை உண்டு. காசிமேட்டில் கருவாடு கெடாமலிருப்பது ஏன்? உப்பு அதன் நீரைக் கட்டி வைத்துக்கொள்வதால் நுண்ணுயிர்களுக்கு நீர் கிடைப்பதில்லை. ஜாமும் கெட்டிப்பாகும் கெடாமலிருப்பதற்கும் காரணம் அதுவே. அங்கே உப்பின் வேலையைச் சர்க்கரை செய்கிறது. ஆனால் அதற்கு எடையில் 65 விழுக்காடு அளவில் சர்க்கரை வேண்டும். பாபாவின் பாகில் இருப்பது மூன்றில் ஒரு பங்கே. ஆகவே உலர்ந்த பாபாவை ஒரு வாரம் காற்றுப்புகாத தகரத்தில் வைத்திருக்கலாம்; நனைத்த பாபாவை அன்றே உண்டுவிட வேண்டும். மிஞ்சினால் குளிர்ப்பெட்டியில் ஒரு நாள். கடைக்காரருக்கு இது ஓர் உண்மையான இடர்ப்பாடு. பாகில் ஊறிய பண்டம் மாலைக்குள் விற்காவிட்டால் முதலும் போயிற்று, விறகும் போயிற்று.

“இதில் மது இருக்கிறதா, வீட்டில் தின்னலாமா?” என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். நேர்மையான கேள்வி. ஈஸ்ட் பொங்கும் எந்த மாவிலும், தேநீர்க்கடைப் பன்னிலும்கூட, ஆல்கஹால் உண்டாகத்தான் செய்கிறது. அடுப்பின் சூட்டில் அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகிறது. எஞ்சுவது மிகச் சொற்பம். ரம் என்பது மணத்துக்காகப் பின்னர் சேர்ப்பது. சுட்டபின் ஊற்றுவதால் அது ஆவியாகாமல் அப்படியே தங்கும். அது வேண்டாதவர் விட்டுவிடலாம். பலகாரத்தின் கட்டமைப்பில் ஓர் அணுவளவும் குறையாது. நாங்கள் ஒரு பங்குக்குக் கமலா ஆரஞ்சுத் தோலும் ஏலக்காயும் சேர்த்தோம். மற்றொரு பங்குக்கு நன்னாரி வேரைத் தட்டிப் பாகிலிட்டு மூடி வைத்து, எலுமிச்சைச் சாறு பிழிந்தோம். ஆரஞ்சு பிரெஞ்சு நூல்கள் ஒப்புக்கொள்ளும் சுவை. நன்னாரியை எந்தப் பிரெஞ்சு நூலும் சொல்லவில்லை. ஆனால் வெயிலில் வந்தவனுக்கு நன்னாரி எப்படியோ, உலர்ந்த பாபாவுக்கும் அப்படியே பொருந்தியது. என் தீர்ப்பு நன்னாரிப் பக்கமே.

அடுப்புக்காரர் இரண்டையும் சுவைத்தார். விலை எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டேன். முட்டையையும் வெண்ணெயையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, தேநீர்க்கடைக்குப் போகும் பன்னைப்போல் நான்கு மடங்காகும் என்றார். நாள்தோறும் செய்ய இயலாது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மக்கள் வெளியே வரும் நேரத்துக்கு ஒரு தட்டு மட்டும் செய்து பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த வேளை மாவுக்குத் தண்ணீர் அளக்கப் போய்விட்டார்.